பார்த்தவர் கையெழுத்து

அந்த அலுவலகத்தில் படம் பிடிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு. வெட்டி ஒட்ட ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு. நடிக்க ஆசைப்பட்டு வந்து, கடைசியில் வண்டிக்கு டீசல் போடுகிற வேலையில் உட்கார்ந்தவர்கூட ஒருவர் உண்டு. முடிந்துபோன படத்தைத் தலையிலிருந்து வால்வரை உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டு வந்தவர் மட்டும் யாருமில்லை. அதனால்தான் அந்த வேலை டேப் அக்காவுக்குக் கிடைத்தது.

அக்கா முதலில் டேப் அலமாரியைப் பார்த்துக்கொள்ள வந்தவள். எந்த டேப் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஹெச்.டி. காலம் வந்து, டேப்பை ஓட்டிப் பதிகிற டெக் ஒன்றை ஒரு வீடு வாங்குகிற விலைக்கு வாங்கி அறையில் இறக்கியபோது, அதைத் தொடவே எல்லாரும் பயந்தார்கள். பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு பேரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவில்லை. ஒருவருக்குப் போன் வரும், இன்னொருவருக்குத் தேநீர் தாகம் வரும். உட்கார்ந்தது அக்காதான். பிறகு அந்த நாற்காலியை யாரும் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை.

வேலை என்ன என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எடிட்டர் கம்ப்யூட்டரில் வெட்டி, நிறம் சேர்த்து, இசை சேர்த்து முடித்த படத்தை மாஸ்டர் டேப்பில் ஏற்ற வேண்டும். அந்த டேப்தான் சானலுக்குப் போகும். ஆனால் ஏற்றுவது என்பது பொத்தானைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போகிற வேலையல்ல. அரை மணி நேரப் படம் டேப்பில் ஏற அரை மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம். நடுவில் நிறுத்த முடியாது. கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் மூச்சுத் திணறி ஒரு பிரேமை விழுங்கிவிட்டாலும் போச்சு, முதலிலிருந்து வர வேண்டும்.

அதற்கு முன்னால் புது டேப் முழுவதும் கறுப்பு அடிக்க வேண்டும். எழுதுவதற்கு முன் தாளில் கோடு போட்டுக்கொள்வது மாதிரி, அந்தக் கறுப்போடு நேரக்கணக்கும் டேப்பில் பதிந்துவிடும். பிறகு தலைப்பக்கம் வண்ணப் பட்டைகள், காதைக் குடையும் ஒரு நீளமான 'பீ' சத்தம், படத்தின் பெயர் எழுதிய அட்டை. அப்புறம் படம். அந்த அலுவலக வழக்கப்படி டேப்பின் கணக்கில் எந்தப் படமும் பத்து மணிக்குத்தான் தொடங்கும். வெளியே விடிந்துகொண்டிருக்கிறதா, வெயில் இறங்கிவிட்டதா என்றெல்லாம் டேப்புக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. "அக்கா, மணி என்னக்கா?" என்று யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், "பத்து ஏழு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைத் தேடுவாள். கேட்டவன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தவனாக இருப்பான்.

எல்லாம் முடிந்த பிறகு டேப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். படத்தின் பெயர், நீளம், ஒலி எந்தத் தடத்தில் என்ற விவரங்களுக்குக் கீழே கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. 'பார்த்தவர்.' அதில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் டேப் வாசல் தாண்டும். அக்கா கையெழுத்திட்ட டேப் ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. வாய்விட்டுப் பெருமையடிக்கிற ஆள் இல்லை அவள். ஆனால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அக்கா பார்ப்பது அப்படி. திரையின் நான்கு மூலைகளையும் பார்ப்பாள். ஒலி முள் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்ப்பாள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் ஒற்றைக் கறுப்பு பிரேம் மின்னினால் பிடித்துவிடுவாள். கதையை மட்டும் பார்க்க மாட்டாள். கதைக்குள்ளே காலை வைத்தால் கண் போய்விடும் என்பது அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்த விதி. யார் அழுகிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்விகளுக்குள் போகவே மாட்டாள். அழுகிறவரின் மூக்குக்குக் கீழே மைக்கின் நிழல் விழுந்திருக்கிறதா என்பதோடு சரி.

அலுவலகத்தில் இது திறமை. வீட்டில் இதுவே வினையாய் வந்து முடிந்தது.

வீட்டில் மாமியார் இருந்தார். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். மகன் வெளியூரில் படிக்கிறான். ஆக மூன்றாம் மாடியில் அந்த இரண்டு அறை வீட்டில் மாமியார், மருமகள், ஒரு டிவி. மாமியார் ஒரு காலத்தில் தையல் மிஷின் மிதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். முழங்கால் தேய்ந்த பிறகு மாடிப்படி இறங்குவது நின்றுபோனது. உலகமே டிவிக்குள் வந்து அடங்கிவிட்டது. அந்த உலகத்திலும் அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு தொடரில். அந்தத் தொடரை டேப்பில் ஏற்றுவது அவருடைய மருமகளேதான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது யாருக்குத்தான் பிடிக்கும்? தினமும் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏம்மா, நாளைக்கு என்ன ஆகுது? அந்தப் பொண்ணை வீட்டை விட்டு அனுப்பிடுறாளா?"

"தெரியல அத்தை."

"நாளைக்கு வர்றதை இன்னைக்கு நீதானே ஏத்தின?"

"ஏத்தினேன். ஒரு இடத்துல சத்தம் கொஞ்சம் ஏறிடுச்சு. அதைச் சரி பண்ணிட்டேன். மத்தபடி நல்லா இருந்துச்சு."

"என்ன நல்லா இருந்துச்சு?"

"படம் சுத்தமா இருந்துச்சு அத்தை."

மாமியார் நெற்றியில் கை வைத்துக்கொள்வார். கதையை வெளியே சொல்லக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டுதான். ஆனால் தெரியாத கதையை யாரிடம் சொல்வது? அதனால் அக்கா அந்த விதியை மீறும் வாய்ப்பே வரவில்லை.

விஷயம் முற்றியது எதிர்வீட்டுக்காரியால். அவள் மாலையில் வந்து மாமியாரோடு தொடர் பார்க்கிறவள். நல்ல மனுஷிதான், வாய் மட்டும் ஊருக்கு முன்னால் நடக்கும். "உங்க மருமக கையிலதானே எல்லாம் இருக்கு, சொல்லுங்க, அந்தப் பொண்ணை வெளியே அனுப்புவாங்களா?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்ல மாமியாருக்கு மனம் வரவில்லை. "அனுப்ப மாட்டா. எனக்குத் தெரியும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் தொடரில் அந்தத் திரை மாமியார் தன் மருமகளைப் பெட்டியோடு வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்காரி மெதுவாக ஒரு சிரிப்பு சிரித்தாளாம். அதற்குப் பதில் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்தபோது மாமியாரின் முகம் உர்ரென்று இருந்தது.

"கல்லுளி மங்கி மாதிரி இருக்கியே, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? ஊரான்கிட்ட மறைக்கிறது சரி. வீட்டுல இருக்கிறவகிட்ட என்ன மறைப்பு?"

"நான் மறைக்கல அத்தை. எனக்கு நிஜமாவே கதை தெரியாது."

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பார்க்கிறவளுக்குத் தெரியாது. இதை நான் நம்பணும்."

அதோடு பேச்சு நின்றது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் வீடே பேசாது. மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு "தண்ணி தீர்ந்துபோச்சு" என்பார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மாமியார் அதைச் சுவர் கொடுத்தது போல வாங்கிக் குடிப்பார். போனில் கணவரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். "இங்க சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுறேன்" என்று அவர் வைத்துவிட்டார். குடும்பச் சண்டை என்றால் அவர் இருக்கும் இடத்தில் எப்போதுமே சிக்னல் சரியாக இருக்காது.

ஒரு வாரம் கழித்து, மாமியார் தம் மகளுடன் போனில் பேசுவது அக்காவின் காதில் விழுந்தது. "அங்கேயே வந்துடுறேன்டி. இங்க நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." கட்டிலுக்கு அடியிலிருந்த பை வெளியே வந்து நாற்காலி மேல் உட்கார்ந்தது. அக்காவுக்கு அது தாங்கவில்லை. இந்த மாமியார்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும் என்று மகனிடம் ஒற்றைக் காலில் நின்றவர். பேரன் பிறந்த பிறகு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே மிஷின் மிதித்து, "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பியவர். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த வீட்டில் பூட்டும் சாவியும்தான் மிஞ்சும்.

ஆகவே அக்கா தன் விதியை உடைத்தாள். கதையைப் பார்க்கத் தொடங்கினாள்.

முதல் நாள் ரொம்பத் திணறினாள். யார் யார் என்று தெரியவில்லை. இத்தனை நாள் 'நீலப் புடவை, ஒலி கம்மி' என்று நினைவு வைத்திருந்தவள்தான் கதாநாயகி என்று தெரிந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சில நாளில் கதை பிடிபட்டது. ஒரு கண் மூலைகளில், ஒரு கண் கதையில் என்று பழகிக்கொண்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நேரா தோழி வீட்டுக்குத்தான் போறா. அங்க வச்சு மயக்கம் போட்டு விழுந்துடுறா."

டிவி முன்னால் இருந்த தலை மெல்லத் திரும்பியது.

"மயக்கமா? எதுக்கு மயக்கம்? மாசமா இருக்காளா?"

"டாக்டர் வர்றார் அத்தை. ஆனா அதோட அன்னைக்கு முடிஞ்சிடுது."

"அதானே பார்த்தேன்" என்றார் மாமியார். "எனக்கு அப்பவே தெரியும், அவ நடந்த நடையிலேயே."

பை நாற்காலியிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போனது. அதற்கப்புறம் அந்த வீட்டு அடுப்பங்கரையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அக்கா நன்றாகவே கதை சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கும் ருசி ஏறியது. திரை மாமியாரைப் பற்றி வீட்டு மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து திட்டுவது என்ன ஒரு சுகம் என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரியிடம் மாமியார் மறுநாள் நடக்கப்போவதைப் பாதி சொல்லி மீதியை விழுங்கி, இழந்த மரியாதையை வட்டியோடு மீட்டுக்கொண்டார்.

அந்தத் திரை மாமியார் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அழுததே இல்லை. கணவன் இறந்தபோதும் அழவில்லை, வீடு ஏலத்துக்கு வந்தபோதும் அழவில்லை. "அவ என்னைக்காவது அழுவாளா?" என்பதுதான் ஊர் முழுக்கக் கேள்வி. கடைசியில், மருமகளைத் தேடிப் போய் அவள் மன்னிப்புக் கேட்கிற கட்டத்தை ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியாக எடுத்தார்கள். படம் அக்காவின் மேஜைக்கு வரும்போது நேரம் நெருக்கிவிட்டது. அன்று மாலையே ஒளிபரப்பு.

அக்கா கறுப்பு அடித்த டேப்பைச் செருகினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அறைக் குளிருக்கு ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது, டேப்பில் பத்து மணி ஆனது, படம் ஓடத் தொடங்கியது.

முக்கால்வாசி ஓடியிருக்கும். தோழி வீட்டு வாசலில் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நிற்கிறார்கள். மருமகள் சொல்கிறாள்: "நீங்க திட்டினது வலிக்கல அத்தை. பேசாம இருந்தீங்களே, அதுதான் வலிச்சுது."

அக்காவுக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் தண்ணீர் கேட்ட அந்த வாரம் முழுவதும் கண்முன் வந்து நின்றது. கண்ணாடி மறைத்தது. கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். காதில் திரை மாமியார் விம்மி வெடித்து அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாடா, அழுதுவிட்டாள் என்று நினைத்தபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, திரையில் மருமகளின் கை மாமியாரின் தோள் மேல் இருந்தது.

மீதி டேப் சுத்தமாக ஓடி முடிந்தது. வழக்கமாக ஒருமுறை திருப்பிப் போட்டு முழுதும் பார்ப்பாள். அன்று சானலின் வண்டி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏற்றும்போதுதான் முழுதும் பார்த்தோமே என்று எண்ணி, 'பார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். சானலிலும் நேரமில்லாமல் தலையையும் வாலையும் மட்டும் பார்த்து ஏற்றிவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் எதிர்வீட்டுக்காரியோடு அவளுடைய தங்கை, மாடிவீட்டுப் பெண்கள் என்று கூட்டம். மாமியார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு அழுவா, பாருங்க. என் மருமக தன் காதால கேட்டுட்டு வந்திருக்கா."

அக்கா எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். வாசல் காட்சி வந்தது. மருமகள் பேசினாள். அடுத்து, முகம் வரவேண்டிய இடத்தில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது:

மாமியார் அழுகை ஷாட் இங்கே வரும்.

பின்னால் விம்மல் சத்தம் மட்டும் அருமையாகக் கேட்டது. எழுத்து நிதானமாக நின்று, எல்லாரும் ஒருமுறை படித்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, மறுபடி படிக்கும்வரை இருந்துவிட்டு மறைந்தது. எடிட்டர்கள் வராத ஷாட்டுக்குப் பதிலாக இடம் பிடித்து வைக்கிற அட்டை அது. பேருந்தில் இருக்கை மேல் கைக்குட்டை போடுகிறோமே, அந்த மாதிரி. ஷாட் வந்து சேர்ந்த பிறகும் அட்டையை எடுக்காமல், ஷாட்டை வைக்க மறந்துபோனார்கள்.

"இங்கே வருமாம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எப்ப வரும்னு போடலையே."

கூட்டம் சிரித்து உருண்டது. மாமியார் சிரிக்கவில்லை. அக்கா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். தேநீர் ஆறியது கூடத் தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு மாமியார் கேட்டார்.

"அந்த அட்டையை நீ பார்க்கலையா?"

"இல்ல அத்தை."

"உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதே. என்ன பண்ணிட்டிருந்த அப்ப?"

"அழுதுட்டிருந்தேன்."

மாமியார் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குப் புரியவில்லை. காலையில் செருப்பை மாட்டும்போது, மாமியார் மகளிடம் போனில் சொல்வது கேட்டது. "வர்றேனா இல்லையான்னு சாயங்காலம் சொல்றேன்டி." பை மறுபடி நாற்காலி மேல் இருந்தது.

அலுவலகத்தில் மேனேஜர் அம்மாவின் மேஜை மேல் அந்த டேப் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. எடிட்டர் முகம் வெளிறி நின்றான். "அட்டையை எடுக்காம விட்டது நான்தான் மேடம், அக்கா மேல தப்பில்ல" என்றான். நல்ல பையன். ஆனால் கட்டத்தில் இருந்தது அவன் கையெழுத்து இல்லை.

மேனேஜர் அம்மா சத்தம் போடவில்லை. பெட்டியைத் திருப்பிச் சீட்டைக் காட்டினார்.

"பார்த்தவர்னு உங்க கையெழுத்து இருக்கு. பார்த்தீங்களா, பார்க்கலையா?"

பார்க்கவில்லை என்றால் கையெழுத்து பொய். பார்த்தேன் என்றால் கண் பொய்.

"பார்த்தேன் மேடம். கதையைப் பார்த்தேன்."

மேனேஜர் அம்மாவும் ஒரு காலத்தில் வெட்டுகிற மேஜையில் கிடந்தவர்தான். சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு அக்கா கதை?" என்றார். வீட்டுக் கதையை அங்கே விரிக்க அக்காவுக்கு விருப்பமில்லை.

"கதையைப் பார்க்க ஊரே இருக்கு. அட்டையைப் பார்க்க நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. இன்னைக்கு மத்தியானம் மறுஒளிபரப்பு. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இன்னொரு தடவை இப்படித் திரும்பி வந்தா, எனக்கும் வேற வழி இருக்காது. நீங்க பழையபடி டேப் அலமாரிக்குத்தான் போகணும்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆனால் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. கதையைப் பார்த்தால் நாற்காலி போகும். பார்க்காவிட்டால் வீட்டில் பை புறப்படும். இருதலைக் கொள்ளி எறும்பாக டேப் அறைக்குப் போனாள்.

சரி செய்வது சின்ன வேலைதான், ஆபத்தான சின்ன வேலை. டேப் முழுவதையும் மறுபடி ஏற்ற நேரமில்லை. அட்டை இருக்கும் இடத்தில் மட்டும், படத்தை மட்டும் மாற்ற வேண்டும். சத்தத்தைத் தொடக்கூடாது. ஒலித் தடத்தின் பொத்தான் ஒன்று தவறி எரிந்தாலும் விம்மல் அழிந்து திரை மாமியார் ஊமையாகிவிடுவாள். அக்கா படத்தின் பொத்தானை மட்டும் அழுத்தினாள். மற்றவை எரியவில்லை என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். புகும் இடம், வெளியேறும் இடம் இரண்டையும் குறித்தாள். பதியாமல் ஒருமுறை ஒத்திகை ஓட்டிப் பார்த்தாள். எடிட்டர் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டேப் கொஞ்சம் பின்னால் போய், ஓடி வந்து, சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது.

திருப்பிப் போட்டாள். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. மருமகள் பேசும்போது அவள் உதட்டைப் பார்க்காமல் ஒலி முள்ளைப் பார்த்தாள். அந்த முகம் திரையை நிறைத்தபோது நான்கு மூலைகளைப் பார்த்தாள், முன் விளிம்பைப் பார்த்தாள், பின் விளிம்பைப் பார்த்தாள். ஒட்டு தெரியவில்லை. அட்டையின் ஒரு பிரேம்கூட மிச்சமில்லை. பிறகு முழு டேப்பையும் தலையிலிருந்து ஓடவிட்டு, கீழே ஹாரன் அடித்தும் எழுந்திருக்காமல் பார்த்து முடித்தாள். ஒரு மணி நேரம் பார்த்ததில் கதை ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் மேனேஜர் அம்மா. பேருந்தில் உட்கார்ந்து, மாமியாரிடம் என்ன சொல்வது என்று கோத்துக்கோத்துப் பார்த்தாள். "அத்தை, இனிமே என்னால கதை சொல்ல முடியாது" என்பதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த வார்த்தையைச் சேர்த்தாலும் அது கதவைச் சாத்துவது போலத்தான் இருந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. மறுஒளிபரப்பு அப்போதுதான் முடிந்திருந்தது போல, டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் நாற்காலியை டிவிக்கு ஒரு முழ தூரத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதோ கழற்றி வைத்த தையல் கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அக்கா பையைத் தேடினாள். அது இருந்த நாற்காலியில்தான் மாமியார் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வந்துட்டியா?" என்றார் மாமியார், திரும்பாமலே. "அட்டை வரல. சுத்தமா போச்சு. முன்னாடியும் பார்த்தேன், பின்னாடியும் பார்த்தேன், ஒரு பிசிறு கிடையாது. ஒட்டுப் போட்ட இடமே தெரியல."

இத்தனை வருடத்தில் அக்காவின் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. செருப்போடு உள்ளே வந்துவிட்டதைப் பார்த்து, திரும்பப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள். மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை, கதையே தெரியாதவளாக, முதல் தடவையாக அவளே கேட்டாள்.

"அழுதாங்களா அத்தை?"

"யாரு?"

"அந்த மாமியார்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, நன்றாகவே யோசித்தார்.

"தெரியலம்மா" என்றார். "அட்டை எங்க வந்து தொலைக்குமோன்னு அதையே பார்த்துட்டிருந்தேன். அவ அழுதாளா என்னன்னு கவனிக்கவே இல்ல."

அக்கா அவர் முழங்காலின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாமியாரின் கை அவள் தலைமேல் வந்து விழுந்தது.

"எதிர்வீட்டுக்காரியும் இதையேதான் கேட்டா" என்றார். "தெரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."